முதல்ல துணி, அப்புறம் தண்ணி

அண்ணாச்சி, அந்தப் பெயிண்ட் வாளியக் கொஞ்சம் சன்னல் பக்கமாத் தள்ளி வச்சுக்கிடுதீயளா? எடைஞ்சல்னு சொல்லல, தப்பா நினைச்சுக்கிடாதீய. மூடி ஒரு பக்கம் அமுங்கல, பாருங்க. முள்ளக்காடு தாண்டுனா ரோடு மோசம். ஒரு குலுக்குல மூடி தொறந்துச்சுன்னா பஸ்ஸு பூரா வெள்ளையாயிரும். கண்டக்டர் உங்களோட சேத்து என்னையும் இறக்கி விட்டுருவான். ஆங், கையால ஒரு அழுத்து அழுத்துங்க. இப்பச் சரி.

உடன்குடியா? நான் ஆறுமுகநேரி, உங்களுக்கு முந்தி இறங்கிருவேன். ஒரு மணி நேரம் இருக்கு. பேசிக்கிட்டே போவோம், என்ன? வீட்டுல எனக்குப் பேச ஆள் கிடையாது. டிவி இருக்கு. அது பேசும், நான் கேக்கணும். நான் பதில் சொன்னா அது கேக்காது.

வீட்டுக்கு வெள்ளை அடிக்கப் போறீயளா? நல்லது. இந்த வெள்ளை எங்கேர்ந்து வருதுன்னு தெரியுமா? சுண்ணாம்புன்னு நினைக்காதீய. கடற்கரையில கறுப்பா மணலு படிஞ்சு கெடக்கும்லா, அதுலேர்ந்து வருது. அந்தக் கருமணலக் கரியோட சேத்து உலையில போட்டு, குளோரின் வாயுவ உள்ள விடணும். ஒரு தண்ணி வரும். தண்ணின்னா குடிக்கிற தண்ணி இல்ல, பாக்கத்தான் அப்படி. டைட்டானியம் டெட்ராகுளோரைடுன்னு பேரு. வாய்ல நுழையாது. எங்க கம்பெனியில டிக்கிள்னுதான் சொல்லுவோம். அந்தத் தண்ணிய வாட்டி எடுத்தா இந்த வெள்ளைப் பொடி. உங்க வாளியில இருக்கு, காலையில பல்லு தேச்சீயளே அந்தப் பேஸ்ட்ல இருக்கு, மாத்திரை மேல பூசியிருக்கான். அதே தண்ணியிலேர்ந்துதான் விமானத்துக்கு உலோகம் எடுக்கான், பிளாஸ்டிக் குருணை செய்யுததுக்கு மருந்து எடுக்கான். கம்பெனி பேரு வேண்டாம், விடுங்க. கடற்கரை ஓரம் ஒரு கம்பெனி. இருபத்தாறு வருசம் அங்க சேஃப்டியில இருந்தேன். என் பேரு தனசிங். கடைசியில சூப்பர்வைசர்.

இன்னைக்கு எங்க போறேன் தெரியுமா? அங்க என்கூட வேலை பாத்த ஒரு கூட்டுக்காரன் வீட்டுக்கு. அற்புதராஜ்னு பேரு. ஆறு வருசமா எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை கிடையாது. நேத்து காலையில அவன் பொண்டாட்டி ரூபி போன் பண்ணிச்சு. மக பெனிட்டாவுக்கு குஜராத்துல வேலை கிடைச்சிருக்காம். பிளாஸ்டிக் குருணை செய்யுத கம்பெனி. அங்கயும் இந்த டிக்கிள்தான், டிரம் டிரம்மா வரும். திங்கக்கிழமை ரயில் ஏறுதாம் பிள்ளை. "அண்ணே, அவிய உங்கள வரச் சொல்லுதாவ. அதை எப்படிப் பத்திரமாக் கையாளணும்னு பிள்ளைக்கு நீங்கதான் சொல்லிக் குடுக்கணுமாம். உங்கள விட்டா அதுக்கு வேற ஆள் கிடையாதாம்"னு சொல்லுது.

பாத்தீயளா? ஆறு வருசம் கழிச்சு ஒத்துக்கிட்டான். உங்கள விட்டா ஆள் கிடையாதாம். நேத்து பூரா எனக்குச் சோறு இறங்கல, சந்தோசத்துல.

சந்தோசந்தான். வேற என்ன?

அது எப்பேர்ப்பட்ட சாமான்னு சொல்லுதேன் கேளுங்க. மூடி வச்சிருக்குற வரைக்கும் சாது. தெளிஞ்ச தண்ணி மாதிரி இருக்கும், ஆனா கனம். ஒரு லிட்டர் தூக்குனா ஒண்ணே முக்கால் கிலோ. தொறந்தாப் போச்சு. காத்துல ஈரம் இருக்குல்லா, அது போதும். குபுகுபுன்னு வெள்ளைப் புகை, பக்கத்துல நிக்குற ஆள் தெரியாது. அந்தக் காலத்துல சண்டையில கப்பல மறைக்க இந்தப் புகையத்தான் விடுவாங்களாம், கிளாஸ் எடுக்க வந்த ஆபீசர் சொன்னாரு. புகைக்குள்ள ஆசிட். மூச்சுல போனா நெஞ்சு வெந்துரும். இதுல நம்ம ஊருக் காத்து எப்படி? கடக்காத்து. உப்புப் பாக்கெட்டத் தொறந்து வச்சா மறுநாள் கூழாயிரும். அந்த ஊர்ல கொண்டுவந்து இந்தக் கம்பெனிய வச்சிருக்கான்.

அதனால எங்க யூனிட்ல எல்லாம் காஞ்சு இருக்கணும். பைப்பு, டிரம், ஸ்பேனர், கையுறை எல்லாத்துலயும் சொட்டு ஈரம் ஆகாது. லைனத் தொறக்குறதுக்கு முந்தி நைட்ரஜன விட்டு ஊதி உலர்த்தணும். குளிச்சுட்டு ஈரத் தலையோட வந்தான்னா நான் கேட்ல நிறுத்திருவேன். "போ, தலையத் துவட்டிட்டு வா." ஆபீசரா இருந்தாலும் சரி. ஒருதரம் ஜி.எம். மழையில நனைஞ்சு வந்தாரு, உள்ள விடலியே நான்.

எல்லாத்துக்கும் மேல துணிப்பெட்டி. அது என் ஏற்பாடு. ஏன்னா, இந்தச் சாமான் மேல பட்டா எல்லாவனும் என்ன செய்வான்? தண்ணியத் தேடி ஓடுவான். அதுதான் தப்பு. தோல் மேல அது ஒட்டிக்கிட்டு இருக்கும்போது கொஞ்சம் தண்ணிய ஊத்துனா, தண்ணியும் அதுவும் சேந்து கொதிக்கும். சூடு வேற, ஆசிட் வேற. அதனால மொதல்ல காஞ்ச துணியால மளமளன்னு ஒத்தி எடுத்துறணும். அப்புறம் தண்ணி, கொஞ்சநஞ்சம் இல்ல, ஷவருக்குக் கீழ நிறுத்தி ஊத்தோ ஊத்துன்னு ஊத்தணும். யூனிட் சுவர்ல நானே பெயிண்ட்ல எழுதிப் போட்டேன், 'முதலில் துணி, பிறகு தண்ணீர்'னு. ஷவருக்குப் பக்கத்துல ஒரு தகரப்பெட்டி. உள்ள முப்பது பருத்தித் துணி. ஈரம் ஏறக்கூடாதுன்னு பெட்டிக்குள்ள அறுபது வாட் பல்பு ஒண்ணு இராப்பகலா எரியும். வாரத்துக்கு ரெண்டு தரம் அந்தத் துணிய நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் இஸ்திரி போட்டுக் கொண்டாருவேன். கம்பெனி சொல்லல. நானாத்தான்.

சிரிக்காதீய. எல்லாவனும்தான் சிரிச்சான். 'காஞ்ச சிங்'னு பேரு வச்சிருந்தானுவ. "சிங்கு அண்ணாச்சி, நம்ம துணிக்கு எப்ப வே கல்யாணம்?"னு கேப்பானுவ.

எனக்குக் கல்யாணம் ஆகல. ரெண்டு எடத்துல பொண்ணு பாத்தோம். ஒரு எடத்துக்கு டியூட்டி முடிச்சு நேராப் போயிட்டேன். அன்னைக்கு ஒரு சின்ன லீக்கு, சட்டையில வாடை ஏறியிருக்கு, எனக்குத் தெரியல, மூக்குப் பழகிப்போச்சுல்லா. அந்தப் பொண்ணு காப்பியோட வந்து குனிஞ்சுச்சு, இருமுச்சு. நிறுத்தவே இல்ல. உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. அவ்வளவுதான், அப்புறம் அங்க பேச்சே எடுக்கல. இன்னொரு எடம் எங்க அம்மா சீக்காக் கெடந்ததுல தள்ளிப்போயி, தள்ளிப்போயி, விட்டுப்போச்சு.

அதுக்காக எனக்குக் குடும்பம் இல்லன்னு சொல்ல முடியாது. அற்புதராஜ் வீடு இருந்துச்சு. அவன் கம்ப்ரசர் ஆபரேட்டர். அந்த மிசின் அவன் கைக்கு மட்டுந்தான் கேக்கும். பத்தொம்பது வருசம் ஒரே டிபன் பாக்ஸ் நாங்க. ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சு இதே பஸ்ல ஆறுமுகநேரி போயிருவேன். ரூபி மீன்குழம்பு வைக்கும். பெனிட்டா அப்பச் சின்னப்பிள்ளை, என் சட்டைப் பையில கைய விட்டு மிட்டாய் இருக்கான்னு பாக்கும். என்னைய அவன் 'வே'ன்னுதான் கூப்பிடுவான், நானும் அப்படித்தான். சாயங்காலம் அவன் பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வந்து ஏத்தி விடுவான். பஸ்ஸு நகர்ந்தப்புறமும் நிப்பான்.

இந்தா, உப்பளம் வந்துட்டு. பழையகாயல் தாண்டி முக்காணிப் பாலம். நேரம் இருக்கு.

அன்னைக்கு ஐப்பசி. மூணு நாளா மழை, அன்னைக்கு விட்டிருந்துச்சு, ஆனா சுவரு பூரா வேர்த்துக் கெடந்துச்சு. காலையில பதினொரு மணி இருக்கும். பம்புக்குப் பக்கத்துல பைப்பு இணைப்புல லேசாப் புகை வருது. அற்புதராஜுக்கு அன்னைக்கு அவன் மிசின்ல வேலை இல்ல, சும்மா நிக்கானேன்னு அந்த போல்ட்ட முடுக்கப் போனான். முகத்துக்குக் கண்ணாடி மறைப்பு போட்டிருந்தான், நான் பாத்தேன். வேர்வையில அது மங்கிப்போச்சு போல, ஒரு நிமிசம் தூக்கிட்டான். அந்தச் சமயம் பாத்து இணைப்புக்கு நடுவுல இருக்க கேஸ்கெட் வளையம் விட்டுட்டு. பீச்சுன்னு அடிச்சிட்டு.

புகைக்குள்ளேர்ந்து ஓடி வாரான். ஷவருக்குத்தான் ஓடி வாரான். நான் குறுக்க விழுந்து பிடிச்சிட்டேன். பிடிச்சு, துணிய எடுத்து, கழுத்து, நெஞ்சு, கை, முகம்னு ஒத்தி ஒத்தி எடுக்கேன். ஒரு துணி, ரெண்டு துணி, ஒவ்வொண்ணாக் கீழ போட்டுப் புதுத்துணி எடுக்கேன், எல்லாம் முறைப்படி. அவன், "தண்ணி வே, தண்ணி ஊத்து வே"ன்னு கத்துதான். என்னையத் தள்ளுதான். அவன் என்னைய விடப் பலசாலி. ஆனா நான் விடல. "பொறு வே, பொறு வே"ங்கேன். சுத்தி இருபது பேரு நிக்கானுவ. அப்புறம் ஷவருக்குக் கீழ தள்ளுனேன்.

ஒரு நிமிசந்தான் இருக்கும். மத்தவனுவ மூணு நிமிசம்னு சொன்னானுவ. யாரு கையில கடிகாரம் பாத்தான்?

வலது கண்ணு போச்சு.

ஆனா அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன். நான் துடைச்ச எடத்துல ஒரு வடு கிடையாது. கழுத்து, நெஞ்சு, கை, எங்கயும் ஒரு தழும்பு கிடையாது. டாக்டரே கேட்டாரு, "யாரு இவருக்கு முதலுதவி பண்ணுனது?"ன்னு. நர்ஸ் என்கிட்ட வந்து சொல்லிச்சு. அதை ஒருத்தனும் பேச மாட்டான். தண்ணி கேட்டவனுக்குத் தண்ணி குடுக்காத பாவின்னுதான் ஊர் பூரா பேச்சு. ஆத்தூர்ச் சந்தையில ஒருத்தன் என் காதுபடவே சொன்னான்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன், மறுநாள். போவாம இருப்பேனா? கம்பெனியில அந்தச் சாமானுக்கு ஒரு தாள் இருக்கும், என்ன குணம், பட்டா என்ன செய்யணும்னு. அதை பிளாஸ்டிக் உறை போட்டு எடுத்துட்டுப் போனேன். ரூபி வராந்தாவுல உக்காந்திருந்துச்சு. அவளுக்குப் பக்கத்துல உக்காந்து வாசிச்சுக் காட்டுனேன், நிறுத்தி நிறுத்தி, தமிழ்ல அர்த்தம் சொல்லி. எதுக்கு? சந்தேகம் இருக்கக்கூடாதுல்லா. பாதி வாசிக்கும்போது, "அண்ணே, அவிய தண்ணி கேட்டாவளாமே?"ன்னு கேட்டா. "கேட்டான், எல்லாருந்தான் கேப்பான். கேட்டதுக்காகக் குடுத்துற முடியுமா?"ன்னு சொன்னேன். அது எந்திரிச்சு உள்ள போயிக் கதவச் சாத்திட்டு. முழுசாக் கேக்கவே இல்ல. நான் மிச்சத்தை அங்க உக்காந்து தனியா வாசிச்சுப் பாத்துட்டு வந்துட்டேன்.

அப்புறம் விசாரணை. என்கிட்ட எழுதி வாங்குனாங்க. உண்மையத்தான் எழுதுனேன். மறைப்பத் தூக்குனது உண்மை. துணியால துடைச்சது உண்மை. தொழிலாளியோட கவனக்குறைவுன்னு முடிச்சாங்க. அது நான் முடிச்சதா? அற்புதராஜ்கிட்டயும் கேட்டாங்க. அவன் என்ன சொன்னான் தெரியுமா? "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல"ன்னு சொல்லிட்டான். பாத்துக்கிடுங்க. பட்டவனே ஞாபகம் இல்லங்கான். அப்புறம் சுத்தி நின்னவன் என்ன பேசுதான்?

ஆனா பேசுனானுவ. கேன்டீன்ல நான் போய் உக்காந்தா எதிர் பெஞ்சு காலியாயிரும். ஒருநா தண்ணி டம்ளருக்குக் கை நீட்டுதேன், ஒரு பய சொல்லுதான், "அண்ணாச்சிக்கு மொதல்ல துணி குடுங்கப்பா, அப்புறம் தண்ணி." எல்லாரும் சிரிக்கானுவ. அன்னையிலேர்ந்து கேன்டீனுக்குப் போறத விட்டுட்டேன். ஷவர்கிட்ட துணிப்பெட்டி மேல டிபன் பாக்ஸ வச்சுத் தனியாச் சாப்பிட்டேன், ரிட்டயர் ஆகுற வரைக்கும். மூணு வருசம் ரெண்டு மாசம்.

இப்ப வீட்டுலயும் அப்படித்தான். தனியாத்தான் சாப்பிடுதேன். பழகிட்டுன்னு சொல்லுவேன், கேக்குறவங்ககிட்ட. பழகல அண்ணாச்சி. ஞாயித்துக்கிழமை வந்தா இன்னும் பத்து மணிக்குச் சட்டைய மாட்டிருதேன். மாட்டிட்டு எங்க போறதுன்னு தெரியாம உக்காந்திருப்பேன். ரெண்டு தரம் இதே பஸ்ல ஏறி ஆறுமுகநேரி ஸ்டாப்புல இறங்கி, டீ குடிச்சுட்டு, எதிர் பஸ்ல திரும்பி வந்திருக்கேன். தெருவுக்குள்ள போகல.

சரி விடுங்க. இப்ப அவனே கூப்பிட்டுட்டான். பாலம் வந்துட்டு பாருங்க, ஆத்துல தண்ணி நல்லாப் போவுது. பிள்ளைகிட்ட என்ன சொல்லணும்னு ராத்திரியெல்லாம் யோசிச்சு வச்சிருக்கேன். சொல்லிப் பாக்கட்டா? நீங்கதான் பெனிட்டான்னு வச்சுக்கிடுவோம். மீசை இருந்துட்டுப் போவுது.

இந்தா பாரு பிள்ளை. மொதல்ல காத்து எந்தப் பக்கம் அடிக்குன்னு பாரு. கம்பத்துல துணிப்பை தொங்கவிட்டிருப்பான், அதைப் பாக்காம உள்ள கால் வைக்காத. புகை வந்துச்சுன்னா காத்து போற தெசையில ஓடாத, குறுக்க ஓடு. கையுறை, முகமறைப்பு, பூட்ஸ், எல்லாம் காஞ்சிருக்கான்னு நீயே தொட்டுப் பாரு, அடுத்தவன் சொன்னதை நம்பாத. வேர்வையத் துடைச்சுட்டு உள்ள போ, வேர்த்த தோல்ல அந்தப் புகை பட்டாலே எரியும். மறைப்பு மங்குச்சுன்னா அங்க நின்னுக்கிட்டு தூக்காத, வெளிய வந்து தூக்கு. லீக்காவுற எடத்துல எவனாவது ஹோஸ எடுத்துத் தண்ணி அடிக்க வந்தான்னா தடுத்துரு, புகை பத்து மடங்காயிரும். தரையில சிந்துனா காஞ்ச மணலப் போடு. மேல பட்டுச்சுன்னா மொதல்ல காஞ்ச துணி, அப்புறம் தண்ணி, நெறயத் தண்ணி. சட்டைய அங்கயே கழத்திப் போட்டுரு, வெக்கமெல்லாம் அப்புறம் பாத்துக்கிடலாம்.

அவ்வளவுதான். எப்படி இருக்கு? கோவையாச் சொன்னனா?

என்ன கேக்கீய?

கண்ணுல பட்டாவா?

கண்ணுலயெல்லாம் படாது அண்ணாச்சி. மறைப்பு போட்டிருந்தா எப்படிப் படும்? அதான் தூக்காதன்னு சொல்லியாச்சே. இந்தக் கண்டக்டர் என்ன, சில்லறைய வாங்கிட்டு அந்தப் பக்கமே போயிட்டான். ஆத்தூர் தாண்டிட்டோமா?

சரிதான். கேட்டுட்டீய. படத்தான் செய்யும். பட்டுச்சுல்லா.

கண்ணுக்கு வேற.

கண்ணுக்குத் துணி கிடையாது. கண்ணுல பட்டா துடைக்கக்கூடாது, ஒரு நொடி நிக்கக்கூடாது. உடனே தண்ணி. இமையத் தொறந்து பிடிச்சுக்கிட்டுப் பதினைஞ்சு நிமிசம் விடாமத் தண்ணி. அது அந்தத் தாள்லயும் இருக்கு, ரூபிக்கு நான் வாசிச்சுக் காட்டலியே, அந்த மிச்சத்துல இருக்கு. எனக்குத் தெரியும். கிளாஸ்ல நானே சொல்லிக் குடுத்திருக்கேன்.

அவன் தண்ணின்னு மட்டும் கத்தல அண்ணாச்சி. "கண்ணு வே, கண்ணு வே"ன்னுதான் மொதல்ல கத்துனான். கையால வலது கண்ணப் பொத்திக்கிட்டுத்தான் ஓடி வந்தான். நான் அந்தக் கையப் பிடிச்சு இறக்கி, கழுத்தத் துடைச்சுக்கிட்டு இருந்தேன்.

ஏன்னு கேக்காதீய. நானும் கேட்டுப் பாத்துட்டேன். பத்தொம்பது வருசம் அந்தத் துணிய இஸ்திரி போட்டு வச்சுக்கிட்டு நின்னேன், ஒருத்தனுக்கும் தேவைப்படல. அன்னைக்குத்தான் மொதநாள். கையில துணி இருக்கு, எதிர்ல அவன் நிக்கான், என் கை நிக்க மாட்டேங்கு. காதுல விழுந்துச்சு, மண்டைக்கும் தெரிஞ்சுச்சு, கை கேக்கல. அது ஒரு நிமிசமும் இல்ல. மூணு நிமிசந்தான். ஆறு துணி கீழ கெடந்துச்சு, நான் எண்ணிட்டேன்.

விசாரணையில கேட்டாங்க, "கண்ணுல பட்டதுன்னு அவர் சொன்னாரா?"ன்னு. கம்ப்ரசர் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கலன்னு எழுதிக் குடுத்தேன். கையெழுத்தும் போட்டேன். கம்ப்ரசர் அந்த நேரம் ஓடவே இல்ல.

இப்ப என்னைய என்ன செய்யச் சொல்லுதீய? அந்தப் பிள்ளைகிட்டக் கண்ணப் பத்திச் சொல்லாம வந்தேன்னா, நாளைக்கு அங்க ஒண்ணு ஆச்சுன்னா, அதுவும் என் தலையிலதான். சொல்லுதேன்னா, அவன் எதிர்ல உக்காந்து கேட்டுக்கிட்டு இருப்பான். கண்ணுல பட்டா உடனே தண்ணி பிள்ளைன்னு நான் சொல்லுவேன், அவன் அந்த ஒத்தக்கண்ணால என்னையப் பாத்துக்கிட்டு இருப்பான். எனக்குச் சோறு இறங்காதது சந்தோசத்துல இல்ல, அண்ணாச்சி. பயத்துல. ராத்திரி பூரா அதைத்தான் யோசிச்சேன், கண்ண விட்டுட்டு மிச்சத்தைச் சொல்லிட்டு வந்துறலாமான்னு.

என்ன சொன்னீய?

பெனிட்டாவா? எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி. பாளையங்கோட்டையில படிச்சா, தங்கப் பதக்கம் வாங்குனதாக் கேள்வி.

ஆமா. தெரிஞ்சிருக்கும்.

அதுவும் சொந்த அப்பனுக்குக் கண்ணு போயிருக்கும்போது. தேடிப் பிடிச்சு வாசிச்சிருப்பா. என்னைக்கோ வாசிச்சிருப்பா. அப்பன்கிட்டயும் சொல்லியிருப்பா. நான் போய் அவளுக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்க?

அண்ணாச்சி, ஒரு நிமிசம் இருங்க. பேசாதீய.

கம்ப்ரசர நிறுத்துனது அவன்தான். அன்னைக்குக் காலையில ஏழரை மணிக்கு, பெல்ட் மாத்தணும்னு அவன் கையாலதான் நிறுத்துனான். அதனாலதான் அவனுக்கு அங்க வேலை இல்ல, அதனாலதான் அந்த போல்ட்ட முடுக்கப் போனான். நான் எழுதிக் குடுத்ததை அவனுக்கு வாசிச்சுக் காட்டித்தான் கேட்டாங்க. தனசிங் இப்படிச் சொல்லுதாரு, நீ என்ன சொல்லுதன்னு கேட்டாங்க. கம்ப்ரசர் ஓடலன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அன்னையோட என் வேலை போயிருக்கும். அவன் ஞாபகம் இல்லன்னு சொன்னான். ஆஸ்பத்திரிப் படுக்கையில, கண்ணுல கட்டோட.

ஆறு வருசமா நான் இதை அவன் எனக்குச் சாட்சி சொன்ன மாதிரில்லா சொல்லிக்கிட்டுத் திரியுதேன். எல்லா பஸ்லயும்.

போன் அடிக்கி. ரூபிதான். ஹலோ. ஆமா ரூபி, பஸ்லதான். இந்தா வந்துட்டேன், சர்ச் தெரியுது. எங்க? எப்பலேர்ந்து? சரி ரூபி, சரி.

ஸ்டாப்புல வந்து நிக்கானாம். எட்டரை மணி பஸ்லேர்ந்து நிக்கானாம், ஒவ்வொரு பஸ்ஸாப் பாத்துக்கிட்டு. வீட்டுல இருங்கன்னு சொன்னாக் கேக்கலியாம். அவன் தெருவுக்குள்ள வராமத் திரும்பிப் போயிருவான்னு என்னையச் சொன்னானாம். நான் ரெண்டு தரம் வந்து டீ குடிச்சுட்டுப் போனதை டீக்கடைக்காரன் சொல்லியிருக்கான்.

அந்தா நிக்கான் பாருங்க, வேப்பமரத்துக்குக் கீழ, நீலச் சட்டை. முடி எல்லாம் நரைச்சுப்போச்சு. வலது பக்கம் தெரியாதுல்லா, தலையைத் திருப்பித் திருப்பிப் பாக்கான், முன் வாசலப் பாக்கான், பின் வாசலப் பாக்கான்.

அண்ணாச்சி, நான் உங்ககூட உடன்குடி வரைக்கும் வந்துறட்டா? டிக்கெட் எடுத்துக்கிடுதேன். உங்களுக்கு வெள்ளையடிக்க ஒத்தாசை பண்ணுதேன், எனக்கு வேற சோலி இல்ல.

கண்டக்டர், விசில் அடிச்சிராதீய! ஆள் இறங்கணும். வழி விடுங்கம்மா, கூடையக் கொஞ்சம் ஒதுக்குங்க. சன்னல் சன்னலாப் பாத்துக்கிட்டு வாரான், நான் இந்தப் பக்கம் இருக்கது அவனுக்குத் தெரியல. அற்புதம்! ஏ அற்புதம்! இங்க இருக்கேன் வே. எனக்குக் கேட்டுச்சு வே. அன்னைக்கு நீ கண்ணுன்னு கத்துனது எனக்குக் கேட்டுச்சு.